கறி தொடாத அம்மாவுக்கு

அம்மா,

இன்று காலை வேலைக்குப் போனதும் சூட்டு அலமாரியின் கதவைத் திறந்தேன். வெக்கை முகத்தில் அடித்தது. கூடவே உனக்குப் பிடிக்காத அந்த வாசனை. மழை நாளில் காயாத சாக்கையும் காளானையும் ஒன்றாக மூடி வைத்த மாதிரி. நான் இங்கே சேர்ந்த முதல் வாரம் முழுக்க, "இன்னாடி, உன் மேல ஈரச் சாக்கு வாசம் வந்துக்கினே கீது," என்று என் தலையை முகர்ந்து முகர்ந்து சொன்னாய். அப்புறம் உனக்கும் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது. எத்தனையோ மாதமாக அது என் மூக்கில் ஏறுவதே இல்லை. இன்றைக்கு ஏறியது.

நேற்று உனக்கு வருஷப் படையல். காலையிலிருந்து அடுப்படியில் நின்றது, வந்தவர்களுக்குப் பரிமாறியது, பாத்திரம் கழுவியது எல்லாம் சேர்ந்து இடுப்பும் காலும் இன்னும் வலிக்கின்றன. ஒரு நாள் லீவு கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. என் வாய் எப்படி என்று உனக்குத் தெரியுமே.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ இருந்தபோது நாலு மாதம் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ போன பிறகு ஒரு வருஷம். வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். ஒன்பதாவதில் நின்றவளின் எழுத்து. தப்பு இருந்தால் நீயா கண்டுபிடிக்கப் போகிறாய்? நீ நாலாவது.

நம் வீட்டில் விடிவது டீயில்தான். மூன்று மாடி இறங்கி, முனைக் கடையில் நின்றபடி ஒரு கிளாஸ் குடிப்பாய். எனக்கும் உனக்குமாக இன்னும் இரண்டை வாங்கிக்கொண்டு மேலே வருவாய். "சோறு இல்லாம இருந்துடுவேன். டீ இல்லாங்காட்டி தலை வெடிச்சிடும்," என்பாய். அதைக் குடித்த பிறகுதான் அடுப்பு. மல்லி, மிளகு, சோம்பு, கல்பாசி என்று ஒவ்வொன்றாக வறுத்து, சின்ன வெங்காயம் தேங்காயோடு அரைத்து, கறிக்குழம்பு. பதினொன்றரைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு நந்தனத்திலிருந்து தி.நகர் போவாய். துணிக்கடையில் காலெல்லாம் வீங்க நிற்கும் பெண்கள் சந்துக்குள் வந்து, நின்றபடியே கறிச்சோறு தின்றுவிட்டு ஓடுவார்கள். அப்பா நம்மை விட்டுப் போனபோது எனக்கு மூன்று வயது. நம்மை வளர்த்தது அந்தக் குழம்புதான்.

எனக்குப் பதின்மூன்று வயதில் டெங்கு வந்தது. அந்தப் பதினொரு நாள் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் வார்டில் தரையில் நீ உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. ரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்று யாரோ சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஒன்பதாம் நாள் நீ மயிலாப்பூர் அம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டதை அப்புறம் சித்திதான் சொன்னாள். "எம் பொண்ணைக் குடுத்துடு, நான் சாகற வரைக்கும் கறி தொட மாட்டேன்." உன் தங்கைக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டதாம். கறிக்குழம்பு விற்கிறவள் கறியை விடுவதா? "வேற எதனா வேண்டிக்கக் கூடாதா? மொட்டை கிட்டை?" என்று கேட்டாளாம். "முடி திரும்பி வளந்துடும்," என்று சொன்னாயாம்.

நான் பிழைத்தேன். முடிதான் கொட்டியது, என் முடி. அந்தத் தலையோடு பள்ளிக்கூடம் போக வெட்கமாக இருந்தது. அரைப்பரீட்சை போயிற்று. ஒரு வாரம் என்றது ஒரு மாதமாயிற்று. அப்புறம் யாரும் என்னை எங்கேயும் தேடவில்லை. நானும் போகவில்லை.

நீ கறி தொடவில்லை. ஆனால் தினமும் சமைத்தாய். கறியைக் கழுவி, நறுக்கி, கொதிக்க விட்டு, மூடியைத் திறந்து, ஆவியில் முகத்தை நீட்டி, கண்ணை மூடி முகர்வாய். "உப்பு பத்தல," என்பாய். மூக்காலேயே. அதற்குப் பிறகு கரண்டியை என் பக்கம் நீட்டுவாய். "பாரு." நான் உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்குவேன். "சரியா கீதா?" "சரியா கீது." மூன்று வருஷம் நான்தான் உன் நாக்கு.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மட்டும் ஒரு கிண்ணம் எடுத்து வைப்பாய். எதிரில் உட்கார்ந்து ரசத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே நான் மெல்லுவதைப் பார்ப்பாய். "துன்னு துன்னு. நீ துன்னா நான் துன்ன மாதிரி." அந்தக் கிண்ணம் எவ்வளவு கனமாக இருந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. நான் உயிரோடு இருப்பதற்கான வாடகையை நீ ஒவ்வொரு வேளையும் கட்டிக்கொண்டிருந்தாய். எதிரில் உட்கார்ந்து நான் எலும்பு கடித்துக்கொண்டிருந்தேன்.

மேல் மாடிக்காரி வீட்டு வேலை செய்யும் அடையாறு வீட்டில், அந்த வீட்டு அக்கா ஆள் தேடுகிறார் என்று என்னைக் கொண்டுபோய் விட்டாய். பேச்சு கம்மியான வேலை என்பதால்தான். கார் நிற்கும் இடத்தை அடைத்து ஒரு சமையலறை. அங்கே டெம்பே என்று ஒன்று செய்கிறார்கள். சோயாப் பயறை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் உளுந்து தேய்ப்பது போலத் தேய்த்துத் தோலை எடுத்து, வேகவைத்து, ஈரம் போக விசிறி, பூஞ்சை பிடிக்க ஒரு பொடியைக் கலந்து, ஊசியால் குத்தின பைகளில் தட்டையாகப் பரப்பி, சூட்டு அலமாரியின் வெக்கையில் வைக்க வேண்டும். ஒன்றரை நாளில் வெள்ளைப் பூஞ்சை பூத்துப் பயறை எல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உடைத்தால் பஞ்சடைத்த செங்கல் மாதிரி இருக்கும். ஈரம் கொஞ்சம் நின்றாலும் அழுகிவிடும். என் விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியிருப்பதை நீ பிடித்துப் பிடித்துப் பார்ப்பாய்.

முதல் நாள் அக்கா யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "கறியை விட்டவங்கதான் நிறைய வாங்கறாங்க. கறிக்குப் பதிலா." நான் பயறு தேய்த்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. கறிக்குப் பதிலாக ஒன்று இருக்கிறது என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. மீல்மேக்கர் இருக்கிறதே என்பார்கள். அதை ஒருமுறை சித்தி உன் மசாலாவில் போட்டுக் கொண்டுவந்தபோது நீ மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டாய். "இந்த மசாலா வாசத்துக்கு நாக்கு கறியைத்தான் நினைக்கும். நினைச்சாலே பாதி துன்ன மாதிரி." அன்றோடு அந்த மசாலாவையே உனக்கென்று போடுவதில்லை. உருளைக்கிழங்குக்குக் கூட வெறும் மிளகாய்த் தூள்.

இருந்தாலும் நான் விடவில்லை. உடைந்த துண்டுகளை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்வார். முதல் தடவை நேராக எண்ணெயில் போட்டேன். கசந்தது. இரண்டாவது தடவை குழம்பில் போட்டேன். மேலே மசாலா, உள்ளே வெறும் பயறு. சித்தி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இன்னாடி இது, துணி சோப்பா? நுரை வருமா?" என்றாள். நீ சிரித்தாய். நான் பாத்திரத்தோடு உள்ளே போய்விட்டேன். மூன்றாவது தடவை மஞ்சளும் உப்பும் போட்டு முதலில் வேகவைத்தேன், கசப்பு போயிற்று. தண்ணீரைப் பிழிந்து, தயிரிலும் மசாலாவிலும் ஒரு மணி நேரம் ஊற வைத்து, வறுத்து, அப்புறம் குழம்பில் விட்டேன். கடைசியில் கறிவேப்பிலையும் மிளகும் தாளித்துக் கொட்டினேன். உன் நாக்காக மூன்று வருஷம் இருந்ததால் எது எவ்வளவு என்று என் உள்ளங்கைக்குத் தெரிந்திருந்தது.

சித்தி வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டாள்.  "எலும்பு மட்டும் இல்லடி," என்றாள்.

நீ எழுந்து வந்து, தள்ளி நின்று முகர்ந்தாய். கண்ணை மூடினாய். பிறகு இரண்டடி பின்னால் போனாய்.

"வேணாம்டி."

"பயறும்மா. வெறும் பயறு."

"பயறுக்கு எதுக்கு என் கறி மசாலா?"

"நீ துன்னணும்னுதான்."

"மூடி தொறந்தா கறி வாசம். வாயில போட்டா கறியாம், இவ சொல்றா. அப்ப நான் அம்மன்கிட்ட இன்னாத்த விட்டேன்? ஆட்டை விட்டேனா, ருசியை விட்டேனா?"

சித்தி, "அம்மனுக்கு வேற வேலை இல்ல, உன் கிண்ணத்தைத் தொறந்து பாத்துக்கினு இருக்கா," என்றாள். நீ அவளை முறைத்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. நீ துண்டை வாயில் வைத்தால் எனக்குக் காய்ச்சல் வரும் என்ற பயம். அது என்னைச் சுட்டது. எனக்குப் பதினாறு வயது, மூட்டை தூக்குகிறேன், இன்னும் உனக்கு நான் வார்டில் கிடக்கிற பிள்ளைதான்.

நான் அழுதேன். அதற்காகத்தான் நீ சொன்னாய் என்று நினைக்கிறேன்: "சரி, பூ போட்டுப் பாத்துடலாம். அவளே சொல்லட்டும்."

ஆடி வெள்ளிக்கிழமை. விடியலிலேயே மயிலாப்பூர் போனோம். வாசலில் பூக்காரியிடம் சிவப்பு அரளி ஒன்றும் வெள்ளை நந்தியாவட்டை ஒன்றும் எடுத்தாய். வெள்ளை வந்தால் சாப்பிடலாம், சிவப்பு வந்தால் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. "நீ மடி. நான் மடிச்சா எது எதுன்னு கை கண்டுக்கும்," என்று சொல்லி, வாழை இலைத் துண்டு இரண்டையும் நூலையும் என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி நின்றுகொண்டாய்.

அம்மா, இதுதான் நான் சொல்ல வேண்டியது. பூக்காரி பக்கத்தில் கீழே விழுந்து கிடந்த இன்னொரு நந்தியாவட்டையை நான் எடுத்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்து மடித்தேன். சிவப்பு அரளியைச் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. ஆனால் நூலை இறுக்கித்தான் கட்டினேன்.

உனக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி எழுத முடியவில்லை. எனக்காகவும்தான். உன் எதிரில் உட்கார்ந்து அந்தக் கிண்ணத்தைத் தின்று தின்று நான் களைத்துப் போயிருந்தேன். என்னை அந்த வேண்டுதலிலிருந்து யாராவது இறக்கிவிட மாட்டார்களா என்றிருந்தது.

பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்தார். நீ கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாய். பிறகு ஒன்றை எடுத்துப் பிரித்தாய். வெள்ளை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்தப் பூவைக் கொண்டையில் செருகிக்கொண்டாய். மிச்சப் பொட்டலத்தை மரத்தடியில் போடுவதற்கு நான் கையை நீட்டினேன். "நீ செருப்பைப் பாரு, நான் போட்டுட்டு வரேன்," என்றாய். நான் செருப்பருகில் போய் நின்றேன். நீ வரக் கொஞ்சம் நேரமாயிற்று. வந்து என் தலையைத் தடவினாய். "வா, நேரமாச்சு," என்றாய். 

வெள்ளிக்கிழமை என்பதால் அன்று சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். நீ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். சோற்றில் குழம்பு ஊற்றி, ஒரு துண்டைப் பிய்த்து, வாயில் வைத்தாய். நான் உன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இடம் மாறிவிட்டது. நீ தின்றாய், நான் பார்த்தேன்.

உன் கண்ணில் தண்ணீர் வந்தது.  அப்போது நீ சொன்னாய்:

"அடிப்பாவி, இவ்ளோ காரமா?"

"ஏம்மா?"

"ஏம்மாவா? இதே அளவுலதான் தினம் போடறேன்? மூணு வருசமா? நீ சரியா கீது சரியா கீதுன்னு சொல்லிக்கினு இருந்தியே!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். காரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும். மூக்கு மட்டும் வைத்துச் சமைத்தால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. நீ கரண்டியை நீட்டும்போது உன் முகத்தைப் பார்த்தால் எனக்குக் குறை சொல்ல வராது. அதுதான் விஷயம்.

"அந்தக் கடைப் பொண்ணுங்க துன்னும்போது தண்ணி தண்ணின்னு கேக்கும். நான் வெயிலுக்குன்னு நினைச்சேன்டி!" என்றாய். சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே. வாயில் சோற்றோடு, கண்ணில் நீரோடு, முதுகு குலுங்க. கீழ் வீட்டிலிருந்து சித்தி எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்கு பேய் மாதிரி சிரிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்று கத்தினாள். அன்றைக்கு மூன்று கரண்டி குழம்பு வாங்கினாய். மறுநாள் வண்டியில் மிளகாயைக் குறைத்தாய்.

அந்தச் சனி, ஞாயிறு, கடையிலேயே குடித்துவிட்டேன் என்று சொல்லி எனக்கு மட்டும் ஒரு கிளாஸ் கொண்டுவந்திருந்தாய். திங்கட்கிழமை காலை நான் டீ வாங்கி வந்தேன். நீ வேண்டாம் என்றாய். "வயித்துல எரியுது. கேஸ் ட்ரபிள். இனிமே டீ வேணாம்." என் குழம்பால்தான் என்று பயந்தேன். "அதெல்லாம் இல்ல, வயசாவுது," என்றாய். நாற்பத்திரண்டு வயசு உனக்கு. அதற்குப் பிறகு காலையில் வெந்நீர் குடித்தாய். தலைவலி என்று துணியைக் கட்டிக்கொண்டு மசாலா வறுத்தாய். சில நாள் முனைக் கடையைத் தாண்டும்போது மூச்சை இழுத்துக்கொள்வாய். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் ஒன்றும் யோசிக்கவில்லை.

ஞாயிறுதோறும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே குழம்பைத் தின்றோம். அப்படிப் பதினாறு ஞாயிறு. எனக்கு எண்ணிக்கை தெரியும்.

கார்த்திகையில் ஒரு காலை, நீ தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தாய். மூளையில் ரத்தக்குழாய் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உனக்கு முன்பே பிரஷர் இருந்தது, பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று டாக்டர் சொன்னார். எல்லாரும் கேட்டார்கள். எனக்குக் கேட்கவில்லை. எனக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கொடுத்து உன் கறியை வாங்கிக்கொண்டாள் அம்மன். நான் பொய்ப் பூ வைத்து அதைத் திருடினேன். என்னை எடுத்திருக்க வேண்டியவள், உன்னை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் உன் புடவைகளை மடித்து வைக்கும்போது, நீ வண்டிக்கு எடுத்துப் போகும் சுருக்குப் பையைத் திறந்தேன். வெற்றிலை, கிழிந்த பஸ் டிக்கெட், காய்ந்த வாழை இலைப் பொட்டலம். நூல் அவிழ்ந்திருந்தது. உள்ளே பழுப்பாகிப் போன நந்தியாவட்டை. மரத்தடியில் போட்டுவிட்டதாகச் சொன்ன பொட்டலம்.

நீ பிரித்துப் பார்த்திருக்கிறாய். உனக்குத் தெரிந்திருக்கிறது.

எப்போது பிரித்தாய் என்பதுதான் தெரியவில்லை. அந்த ஞாயிறுக்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால், என்னை நம்பித் தின்றுவிட்டு, வேண்டுதல் உடைந்துபோனது தெரிந்து, அந்தப் பயத்தைச் சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டே செத்திருக்கிறாய். இதை யாரிடம் கேட்பது? வேலையில் பயறு தேய்க்கும்போது இதுதான் கைக்குள் உருளும். பஸ்ஸில் இதுதான். ஒன்பது மாதம் இப்படி நினைத்து நினைத்து, அழுகை கூட வராமல் வெறும் அசதியாகிவிட்டது.

நேற்று படையல். இப்போது நான் சித்தி வீட்டில்தான் இருக்கிறேன். வண்டியும் அவளிடம்தான். அவள் காலையிலேயே கறி வாங்கப் பையை எடுத்தாள். "எங்க அக்கா ஆயுசெல்லாம் கறி ஆக்கினா. இலையிலயாவது ஒரு துண்டு வைக்கணும்."

"வேணாம் சித்தி," என்றேன்.

"செத்தவளுக்கு இன்னாடி வேண்டுதல்? சாகற வரைக்கும்னுதானே சொன்னா. முடிஞ்சுபோச்சு."

வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் திரும்பினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் சொன்னேன். "வேண்டுதல் எனக்காகத்தானே. நான் இன்னும் கீறேன்ல." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. சித்தி பையை ஆணியில் மாட்டினாள். "சரி, அப்போ உன் சோப்பையே ஆக்கு," என்றாள்.

ஆக்கினேன். படையலுக்கு வைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது. கரண்டி கையில் இருக்கிறது, உள்ளங்கை நீள்கிறது, நக்க முடியாது. மூடியைத் திறந்து, ஆவியில் முகத்தை நீட்டி, கண்ணை மூடி முகர்ந்தேன். உப்பு எங்கே இருக்கிறது, காரம் எங்கே இருக்கிறது என்று மூக்கால் தேடினேன். எவ்வளவு கஷ்டம் அம்மா அது. மூன்று வருஷம், ஒவ்வொரு காலையும்.

இலை போட்டு எல்லாம் வைத்தாயிற்று. சித்தி கடைசியாக ஒரு கிளாஸில் டீ கொண்டுவந்து உன் போட்டோ முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு உன்னைத் திட்ட ஆரம்பித்தாள். "இத்த விடலாமா நீ? உசுரை விட்டாலும் விடுவேன், டீயை விட மாட்டேன்னு சொல்லுவியே. அன்னிக்கு எங்கையால போட்டுக் குடுத்தேன், வாயில வெச்சியா?"

"என்னிக்கு சித்தி?"

"அந்த ஆடி வெள்ளிதான். பூ போட்டுட்டு வந்தீங்களே, நீ வேலைக்குப் போயிட்ட. மத்தியானம் வந்து குந்தினா. டீ குடுத்தா தள்ளி வெச்சிட்டா. விட்டுட்டேன்டின்னா. எதுக்குன்னு கேட்டா, அம்மனுக்கு ஒண்ணு குடுக்க வேண்டிகீது, எம் பொண்ணு ஆசையா ஒண்ணு செஞ்சிட்டா, அதுக்குப் பதிலுன்னா. அப்படி நீ இன்னாத்த செஞ்சேன்னு கேட்டேன். சொல்லவே இல்ல. சிரிச்சா."

வெள்ளிக்கிழமை மத்தியானம், அம்மா. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால்.

 செருப்பருகில் என்னை நிற்க வைத்துவிட்டு, மரத்தடியில் நீ பிரித்திருக்கிறாய். இரண்டாவது வெள்ளையைப் பார்த்திருக்கிறாய். திரும்பி வந்து என் தலையைத் தடவியிருக்கிறாய். என்னைக் கேட்கவில்லை. அம்மனிடம் போய் என் பொய்க்கு உன் டீயைக் கட்டியிருக்கிறாய். அதற்கு அப்புறம்தான் தின்றாய். தெரிந்தே தின்றாய். மூன்று கரண்டி வாங்கித் தின்றாய். காரம் என்று சிரித்தாய்.

எனக்கு லேசாகிவிட்டது என்று எழுத ஆசை. அப்படி ஆகவில்லை. நீ எனக்காக விட்டது ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டாகிவிட்டது. ஆனால் நீ பயந்துகொண்டே சாகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. நேற்று ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன். ஒரு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை.

படையல் முடிந்து நானும் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கம்மி. காரம் சரியாக இருந்தது.

இப்போது மணி நாலு. பயறு ஆறிக்கொண்டிருக்கிறது, பொடி கலக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அக்கா எல்லாருக்கும் டீ கொண்டுவந்து வைத்திருக்கிறார். எனக்கும் ஒன்று. உன்னை மாதிரி எனக்கும் இது இல்லாமல் சாயங்காலம் ஓடாது. ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறார், வாசனை வருகிறது. காலையிலிருந்து தலை வலிக்கிறது.

நான் குடிக்கவில்லை. நேற்றோடு விட்டுவிட்டேன். அம்மனிடம் நான் ஒன்றும் பேசவில்லை, அவளிடம் பேச எனக்கு இன்னும் முகம் இல்லை. என் பொய், அதற்கு நான்தானே கட்ட வேண்டும். உன் பங்கை நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். காரம் ஏறியதைச் சொல்லாமல் இருந்தேனே, இதைச் சொல்லிவிடுகிறேன்.

கிளாஸை ஜன்னல் ஓரம் தள்ளி வைத்திருக்கிறேன். சக்கரை தூக்கலாகத்தான் இருக்கும். ஆறுவதற்குள் குடிம்மா.